முத்துப்பேச்சியின் கறார் முகம்

திண்டுக்கல்லில் அம்மன் கோயில் வாசலில் பூ விற்கும் முத்துப்பேச்சியிடம் பேரம் பேசி ஜெயித்தவர் எவரும் இல்லை. விலை கேட்டால் சொல்வாள். குறைத்துக் கேட்டால் வாயைத் திறக்கமாட்டாள், ஆளை மட்டும் பார்ப்பாள். அந்த முகத்தில் சிரிப்பும் இருக்காது, கோபமும் இருக்காது. கேட்டவர் தானாக வழிக்கு வந்துவிடுவார். கறாரான பொம்பளை என்று பூ மார்க்கெட்டே அவளுக்குப் பட்டம் கொடுத்திருந்தது. கல்யாண வீட்டுப் போட்டோவில் எல்லாரும் ஈயென்று இளிக்க, இவள் மட்டும் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி நிற்பாள். அதையும் அவள் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

ஒரே மகள் தமிழ்மதி விஷயத்தில்தான் அவளுக்குத் தீராத குறை. பிள்ளை சிரித்தால் வாயின் ஒரு ஓரம் மட்டும் மேலே போகும், மறு ஓரம் அசையாது. பார்க்கிறவர்களுக்கு அது சிரிப்பாகத் தெரியாது, இளக்காரமாகத் தெரியும். போதாக்குறைக்குச் சோம்பேறித்தனம் வேறு என்று தாய் முடிவுகட்டியிருந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண், தலை பின்ன மட்டும் தினமும் அம்மா முன்னால் வந்து உட்காருவாள்.

"கையத் தூக்குனா வலிக்குதும்மா."

"வலிக்கும், வலிக்கும். ஊருக்கெல்லாம் பூக் கட்டிக் குடுத்துட்டு ஒந்தலைக்கும் நானே வரணுமாக்கும்" என்று முத்துப்பேச்சி பின்னலை வேண்டுமென்றே இழுத்துப் போடுவாள். வருகிற போகிற வாடிக்கைக்காரர்களிடமெல்லாம் மகளின் வளையாத உடம்பைப் பற்றிச் சொல்லி அங்கலாய்ப்பாள்.

நெய்க்காரப்பட்டியிலிருந்து ஒரு நல்ல வரன் வந்தது. தென்னந்தோப்பு, மோட்டார், பிக்கல் பிடுங்கல் இல்லாத குடும்பம். அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் முத்துப்பேச்சி மகளைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, "ரெண்டு பக்கமும் சிரிடி" என்று கன்னத்தைப் பிடித்து இழுத்துவிட்டுப் பழக்கினாள். தமிழ்மதியும் கண்ணில் நீர் கட்டும் வரைக்கும் முயன்று பார்த்தாள். மறுநாள் காப்பித் தட்டோடு வந்து நின்று, பாவம், அம்மா சொன்னபடியே சிரித்தாள்.

மாப்பிள்ளையின் தாயார் டம்ளரைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, பொண்ணு எங்களப் பாத்து எளக்காரமாச் சிரிக்குதுங்களே. இஷ்டமில்லைன்னா முன்னாலயே சொல்லியிருக்கலாமுங்க."

வந்தவர்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே அடுப்படியில் முத்துப்பேச்சியின் கை மகள் கன்னத்தில் விழுந்தது. "திமிரு பிடிச்ச மூஞ்சி" என்று அவள் கத்தியது தெருவுக்கே கேட்டது. வேடசந்தூர் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்த அப்பா மொக்கைச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தமிழ்மதி அழவில்லை. மறுவாரம் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு தலை பின்ன அம்மா முன்னால் உட்காரவே இல்லை.

மருந்துக்கடை முதலாளி பிரிஸ்கில்லா கண்ணில்தான் முதலில் பட்டது. மேல் தட்டிலிருந்து டப்பா எடுக்க இந்தப் பெண் ஸ்டூல் போட்டு ஏறுகிறாள், ஏறியும் ஒரு கையால் மறுகையைத் தாங்கித் தூக்குகிறாள். கை தூக்கும்போது தோள்பட்டை எலும்பு முதுகில் துருத்திக்கொண்டு வெளியே வருகிறது. "இது சோம்பேறித்தனமில்ல பேச்சியக்கா, இது சீக்கு" என்று முத்துப்பேச்சியைக் கண்டித்து, இருவரையும் மதுரைக்கு ஒரு டாக்டரிடம் அனுப்பிவைத்தாள்.

டாக்டர் நர்கீஸ் சின்ன வயசுக்காரர். தமிழ்மதியைக் கன்னத்தை உப்பச் சொன்னார், காற்று நிற்கவில்லை. கண்ணை இறுக்கி மூடச் சொன்னார், இமை சரியாகச் சேரவில்லை. பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த முத்துப்பேச்சியைச் செத்த நேரம் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்களும் செய்யுங்க" என்றார்.

முத்துப்பேச்சிக்கும் காற்று புஸ்ஸென்று வாயோரமாகப் போய்விட்டது.

"தூங்குறப்ப கண்ணு முழுசா மூடுமா?"

"எங்க வீட்டுக்காரரு கேலி பண்ணுவாரு டாக்டரம்மா, பேய் மாதிரி பாத்துக்கிட்டே தூங்குறேன்னு. அதுக்கென்ன இப்ப?"

டாக்டர் ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார்.

முடிவு வந்த அன்றைக்குத் தாயும் மகளும் மறுபடி போனார்கள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "இது தசை நலிவு நோய். இதுக்குக் காரணமான ஜீன் எல்லார்கிட்டயும் இருக்கும்மா. நாலாவது குரோமோசோமோட வால்நுனியில உக்காந்திருக்கு. கரு உண்டாகிற சமயத்துல கொஞ்ச நாள்தான் அதுக்கு வேலை. அப்புறம் உடம்பு அதை இறுக்கிச் சுருட்டித் தூங்க வச்சிடும். அப்படிச் சுருட்டி வைக்கத்தான் அங்க ஒரே மாதிரித் துண்டுகள் வரிசையா நிறைய இருக்கு. உங்க ரெண்டு பேருக்கும் அந்தத் துண்டுகள் குறைவு. சுருட்டு தளர்ந்துபோய், தூங்க வேண்டிய ஜீன் தசைக்குள்ள முழிச்சுக்கிச்சு. அதுதான் முகத்துத் தசையையும் தோள் தசையையும் கெடுக்குது."

"அப்ப ஜீனுல பழுது இல்லையா?" என்று தமிழ்மதி கேட்டாள்.

"இல்ல. கிட்டத்தட்ட இதே ஜீன், இதே துண்டுகள் பத்தாவது குரோமோசோம் வால்லயும் இருக்கு. அங்க குறைஞ்சா யாருக்கும் ஒண்ணும் ஆகிறதில்ல. எல்லாம் அது இருக்கிற இடத்தைப் பொறுத்தது."

முத்துப்பேச்சிக்கு இது விளங்கியது. முன்பு ஒரு தடவை ரோடு போட்டபோது கொஞ்ச நாளைக்கு அவள் கடையைச் சந்துக்குள் தள்ளிவிட்டார்கள். கோயில் வாசலில் விற்றுப் பறந்த அதே மல்லிகை அங்கே கேட்க ஆளில்லாமல் வாடியது.

"இவளுக்கு எங்கிட்டருந்துதான் வந்துச்சா?"

"ஆமாம்மா. உங்களுக்கு லேசா, அவங்களுக்குக் கூடுதலா. அது யார் குத்தமும் இல்ல. குணப்படுத்த மருந்து இல்ல, ஆனா பயிற்சி சொல்லித் தாரோம். பாரம் மட்டும் தூக்க விடாதீங்க."

குற்றமில்லை என்று டாக்டர் சொன்ன விஷயம் வேறு. முத்துப்பேச்சிக்கு மனசில் ஓடியது வேறு. அவமானத்தில் காதெல்லாம் சுட்டது. சிரிக்க முடியாத தன் முகத்தைக் கறார் என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டியிருக்கிறாள். அதே முகம் மகளுக்கு வாய்த்தபோது அதற்குத் திமிர் என்று பெயர் வைத்தது நெய்க்காரப்பட்டிக்காரர்கள் இல்லை, பெற்றவள்தான். வலிக்கிறது என்று சொன்ன பிள்ளையின் முடியைப் பிடித்து இழுத்த கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

திண்டுக்கல் பஸ்ஸில் தமிழ்மதி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். மனசில் இருக்கும் வருத்தத்தைத் தன் முகத்தைப் பார்த்தே மகள் தெரிந்துகொள்வாள் என்று முத்துப்பேச்சி கொஞ்ச தூரம் காத்துப் பார்த்தாள். அந்த முகம் எதைக் காட்டும்? கொடைரோடு தாண்டியதும் வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தாள்.

"மதி, அன்னைக்கு ஒன்னைய அடிச்சது தப்புடி. நான் குடுத்த மொகத்தை நானே அடிச்சுப்புட்டேன்."

முன் சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். தமிழ்மதி ஜன்னலை விட்டுத் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள், "ஒன்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப நீ சிரிச்சியாம்மா?"

"இல்ல. எங்கிட்டுச் சிரிக்க? அடக்கமான பொண்ணுன்னு பேசி முடிச்சுட்டுப் போனாக."

"அவுக போன பெறகு அம்மாச்சி ஒன்னைய என்ன செஞ்சாங்க?"

மகள் கேட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்ததால் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

"கண்ணு பட்டுரும்னு திருஷ்டி சுத்திப் போட்டாக" என்றாள்.