நான் விற்க விடாத பங்கு

எனக்கு எண்பது வயது நடக்கிறது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுப் போனது. ஏழு பேரில் ஒருவர்கூடப் பசியோடு பள்ளிக்கூடம் போனதில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன். அதற்கு எனக்கு உரிமை உண்டு. தோட்டத்துப் பள்ளியில் நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. என் எழுத்து கோணும், கணக்கு கோணாது. ஒரு நாளைக்கு அரைப் பக்கம் என்று இதை எழுதுகிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

எழுத வேண்டி வந்தது போன மாதம் நடந்த ஒன்றினால். நான் என் இரண்டாவது மகன் வீட்டில் இருக்கிறேன். அவனுக்கு ஒரு மகள். வங்கியில் வேலை செய்கிறாள். வீடு வாங்கப் போகிறாள். கடன் தாள்களையெல்லாம் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா மெதுவாகத்தான் கேட்டான்.

"வட்டி பின்னால ஏறுமான்னு கேட்டுக்கிட்டியாம்மா?"

"அப்பா, நீங்க சும்மா இருங்க லா. பாட்டி வீட்டையே ஷேர்ல விட்டவரு நீங்க. உங்க அட்வைஸ கேட்டா நான் பாலத்துக்கு அடியிலதான் படுக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிறகு காப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போய்விட்டான். கோப்பையில் காப்பி இல்லை. எப்போதோ குடித்து முடித்திருந்தான். நான் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டை விட்டவன் அவன் இல்லை. நான். இது அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

எங்கள் ரப்பர் தோட்டம் பெம்பானிலிருந்து உள்ளே போகும் பாதையில் இருந்தது. முப்பத்தெட்டு வருடம் அங்கே பால் மரம் வெட்டினேன். தொண்ணூறுகளின் நடுவில் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். மரங்களைத் தள்ளி மனை போடப் போகிறார்கள் என்றார்கள். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யத் தவணை கொடுத்தார்கள். ஜாசினில் மலிவு விலை வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள், இருபத்தையாயிரம் வெள்ளி. வயதாகிவிட்டது என்று எங்களுக்கு எந்த வங்கியும் கடன் தரவில்லை. வீடு கட்டி முடிக்கும்போது முழுப் பணத்தையும் ரொக்கமாகக் கட்டினால் வீடு, இல்லாவிட்டால் இல்லை. என் சேமநிதிப் பணம், எங்கள் இரண்டு பேருக்கும் தோட்டம் கொடுத்த நஷ்ட ஈடு, எல்லாம் சேர்த்து இருபத்தோராயிரம் இருந்தது. நாலாயிரம் குறைந்தது.

இரண்டாவது மகன் அப்போது மலாக்காவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். கல்யாணம் ஆகவில்லை. அந்த வருடங்களில் பங்குச் சந்தை எல்லோருக்கும் காய்ச்சல் மாதிரி பிடித்திருந்தது. லோரி ஓட்டுகிறவர், பள்ளிக்கூட வாத்தியார், பாசாரில் கோழி வெட்டுகிறவர் வரைக்கும் பங்கு விலை பேசினார்கள். பணத்தைச் சும்மா வைத்திருப்பதைவிடப் பங்கில் போட்டால் அந்த நாலாயிரம் வந்துவிடும் என்றான் மகன். என் வீட்டுக்காரருக்கு மனமில்லை.

"பால் வெட்டுன காசுடா அது. விளையாட்டுக் காசு இல்ல."

அவரைச் சரிக்கட்டினது நான்தான். கணக்கையும் என் பேரிலேயே திறக்கச் சொன்னேன். என் பணம், என் கையெழுத்து. மரப்பலகை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் பங்கை வாங்கினோம். மரம் என்றால் எனக்குத் தெரியுமே என்று நான்தான் அதைக் காட்டினேன்.

ஒரு முறை மலாக்காவில் புரோக்கர் ஆபிசுக்கு அவன் என்னைக் கூட்டிப்போனான். குளிர் ஏற்றிய கூடம். சுவர் முழுக்க எண்கள், பச்சையில் சில, சிவப்பில் சில. சீனத்து அக்காமார் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தபடி இருந்தார்கள்.

"இவங்கள்லாம் வேலைக்குப் போகலையாடா?"

"இதுதாம்மா அவங்க வேல."

"உக்காந்த எடத்துலயா? நல்ல வேலதான்."

அன்று ஒரு கோடுபோட்ட நோட்டு வாங்கினேன். தினமும் சாயங்காலம் மளிகைக் கடைத் தொலைபேசிக்கு அவன் கூப்பிட்டு விலை சொல்வான், நான் வந்து எழுதிக்கொள்வேன். எனக்கு இது புதிது இல்லை. பால் நிறுத்தும் இடத்தில் கிராணி எழுதும் எடையை முப்பத்தெட்டு வருடமும் நான் தனியாக மனசில் எழுதி வந்தவள். எந்த மாதம் பால் குறையும், எப்போது திரும்பும், எனக்குத் தெரியும். பத்திரிகையில் ஒருவர் இந்த வாரம் ஏறும், அடுத்த வாரம் இறங்கும் என்று எழுதுவார். மகன் படித்துக் காட்டுவான். "காரணம் சொல்ல மாட்டேங்குறாரே இந்தாளு" என்பேன். எனக்கு என் நோட்டு போதும் என்று இருந்தது.

அடுத்த வருடத் தொடக்கத்தில் எங்கள் பங்கு இருபத்தாறாயிரத்தைத் தாண்டியது. வீட்டுப் பணம் வந்துவிட்டது. விற்றுவிடலாம் என்றான். இன்னும் ஒரு மாதம் இரு, அடுப்படியை நீட்டி இரும்புக் கதவும் போட்டுவிடலாம் என்றேன்.

மார்ச்சில் விலை சரிந்தது. அவன் பயந்தான். நான் பயப்படவில்லை. அந்த மாதங்களில் ரப்பர் மரம் இலை கொட்டும், பால் வற்றும். புதிதாக வெட்ட வந்தவர்கள் பதறிப்போய் உளியை ஆழமாக இறக்குவார்கள். பட்டை காயப்பட்டு மரம் பாழாகும். பழையவர்கள் மரத்தை ஓய விடுவார்கள். தளிர் வந்ததும் பால் தானாக வரும். அதைத்தான் அவனிடம் சொன்னேன். சொன்ன மாதிரியே ஜூனில் விலை கொஞ்சம் ஏறியது.

"பாத்தியா?" என்றேன்.

"சரிம்மா, நீங்கதான் மந்திரி" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் நாட்டுக் காசே இறங்க ஆரம்பித்தது. ஒரு நாள் மத்தியானம் அரை நாள் லீவு போட்டுவிட்டு மோட்டாரில் வந்தான். வீட்டுக்காரர் சர்க்கரைப் புண்ணுக்காக ஜாசின் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். வீட்டில் நான் மட்டும் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே பேசினான்.

"ம்மா, இன்னிக்கே வித்துடலாம்."

"எவ்வளவு நிக்குது?"

"இருபத்தோராயிரம் சொச்சம். போட்ட காசு வந்துடும். கொறையற நாலாயிரத்துக்கு நான் ஓவர்டைம் செய்றேன், கடன் வாங்குறேன்."

"மார்ச்சுலயும் இப்டித்தான் ஓடியாந்த."

"இது அது மாரி இல்லம்மா. ஆபிஸ்ல ஆளாளுக்கு விக்கிறான்."

"அவன் விக்கட்டும். இலை கொட்டுது. இப்ப கை வச்சா மரம் போச்சு."

"இது மரம் இல்லம்மா!"

என்னிடம் அவன் குரலை உயர்த்தியது அன்று ஒரு நாள்தான். எனக்குச் சுரீர் என்றது.

"முப்பத்தெட்டு வருசம் வெட்டுனவ நானா, நீயா? ஒரு நாளாச்சும் உளிய புடிச்சிருக்கியாடா நீ?"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். பிறகு கெஞ்சினான்.

"பாதியாச்சும் விப்போம்மா. உங்க பேருல இருக்கு, நீங்க போன்ல ஒரு வார்த்த சொன்னா போதும்."

"ஒண்ணும் விக்கக் கூடாது. என் காசு."

தண்ணீர்கூடக் குடிக்காமல் போனான். நான் மிச்ச நெத்திலியைக் கிள்ளி முடித்தேன்.

பதினேழாயிரம். பன்னிரண்டு. எட்டு. எழுதிக்கொண்டே வந்தேன். மூவாயிரத்து நானூறு என்று எழுதிய நாளோடு நோட்டை மூடினேன். ஓய விட்ட மரம் நட்ட இடத்திலேயே நிற்கும், அதன் வேர் மண்ணுக்குள் இருக்கும். பங்குக்கு வேர் எது என்று நான் ஒரு நாளும் யாரையும் கேட்கவில்லை. தெரியாது என்று சொல்ல வேண்டி வருமே.

வீட்டுக்குப் பணம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. பிறகு பெயரை நீக்கிவிட்டோம் என்று இன்னொரு கடிதம். அன்று மகன் வந்திருந்தான். வீட்டுக்காரர் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"விக்க வேணாம்னு சொன்னது யாரு?" என்று கேட்டார்.

நான் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தேன். கை நிற்கவில்லை. மகன் என்னை ஒரு தடவை பார்த்தான். நான் நிமிரவில்லை.

"நாந்தாம்ப்பா. ஏறும்னு நெனச்சேன்."

அன்றிலிருந்து அவர் அவனோடு பேசவில்லை. லயத்தை இடித்தபோது ஜாசினில் ஒரு கடைக்கு மேலே அவன்தான் வாடகைக்கு அறை பிடித்து எங்களைக் கொண்டுபோய் வைத்தான். மாடிப்படியில் அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏறியவனும் அவன்தான். அப்போதும் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வீட்டுக்காரரின் தங்கை அலோர் காஜாவிலிருந்து பார்க்க வந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"என்னா அண்ணி, கிரகப்பிரவேசத்துக்குச் சொல்லவே இல்ல? மருமவன் ஷேர்லயே மாளிக கட்டிட்டானாமே!"

அவன் அத்தைக்குக் குடிக்க வாங்கி வரக் கடைக்கு இறங்கிப் போனான். அவளை அதட்ட எனக்கு வாய் இருந்தது. அவள் பேசியதற்கு வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன்.

அவர் கடைசியாகக் கிடந்தபோது பிள்ளைகள் வரிசையாக வந்து வாயில் பால் ஊற்றினார்கள். தங்கை பிள்ளைகள் இருவரும் ஊற்றினார்கள். இவன் முறை வந்தது. கரண்டியைக் கிட்டக் கொண்டுபோனதும் அவர் உதட்டை மூடிக்கொண்டார். பால் தாடையில் வழிந்து தலையணையில் இறங்கியது. இவன் துண்டால் துடைத்துவிட்டு விலகி நின்றான். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவருக்கு நினைவு இருந்தது, காது கேட்டது. நான் அவர் தலைமாட்டில்தான் உட்கார்ந்திருந்தேன்.

சொல்லவில்லை.

அடுத்த வருடம் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து தமிழ்ப் பெண் ஒருத்தி வந்தாள். தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களுக்குப் பண விஷயம் எவ்வளவு தெரியும் என்று ஆராய்ச்சியாம். தாளை மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். வட்டிக் கணக்கு கேட்டாள், சொன்னேன். விலைவாசி ஏறினால் கையிலிருக்கும் காசு என்னாகும் என்றாள், சொன்னேன்.

"நூறு வெள்ளி பங்கு பாதியா கொறையுது ஆண்ட்டி. அப்புறம் இருக்கறதுல பாதி ஏறுது. இப்ப நூறு வந்துருச்சா?"

"எங்க வரும்? எழுவத்தஞ்சுதான்."

"அய்யோ ஆண்ட்டி, டிகிரி படிச்சவங்களே இத தப்பா சொன்னாங்க!"

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் நான் அவளைக் கேட்டேன்.

"நாளைக்கு வெல ஏறுமா எறங்குமான்னு உங்க படிப்புல கண்டுபிடிச்சிட்டாங்களா?"

"அதுக்குத்தான் பெரிய பெரிய ஆளுங்கல்லாம் மண்டைய ஒடச்சிக்கிறாங்க ஆண்ட்டி. நேத்து வெலய பாத்து நாளைக்கு வெலய சொல்ல முடியாதுன்னு நெறைய பேர் சொல்றாங்க."

வேலை முடிந்து வந்த மகன் வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவள் அடுத்த கேள்விக்குப் போனாள். குடும்பத்தில் யாராவது பங்கு வாங்கியதுண்டா? உண்டு என்றேன். நஷ்டமா? ஆமாம். வைத்திருப்பதா விற்பதா என்று முடிவு எடுத்தது யார்?

டிகிரி படித்தவர்களைவிட நான் கெட்டிக்காரி என்று அவள் சொல்லி முடித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"மகன்" என்றேன்.

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களா அண்ணா?"

"ஆமா மிஸ், நாந்தான்" என்றான் அவன். சப்பாத்தை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனான். அவள் ஒரு கட்டத்தில் பேனாவால் குறி போட்டாள்.

முன்பெல்லாம் நான் வாயைத் திறக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். அன்று அவன் காதில் விழும்படி என் வாயாலேயே சொன்னேன். அதற்காக அவன் என்னை ஒரு நாளும் கேட்டதில்லை. மாசம் தவறாமல் மருந்து வாங்கித் தருகிறான், வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப்போகிறான். அந்தப் பெண் குறி போட்ட தாள் எங்கே இருக்கிறதோ, அதை இனி நான் திருத்த முடியாது. இந்த நோட்டில் எழுதியதுதான் என்னால் ஆனது.

எழுதி முடித்துவிட்டேன். பேத்தி வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருக்கிறாள். கண் மங்குகிறது, என் எழுத்து எனக்கே பிடிபடவில்லை, ஏதாவது மறைத்திருக்கிறேனா என்று நான் காதால் கேட்க வேண்டும் என்று சொல்லி நோட்டை அவளிடம் கொடுக்கப் போகிறேன்.

"இங்க வாம்மா, உக்காரு. இத எனக்கு வாசிச்சிக் காட்டு. மொதல்ல போயி அந்தக் கதவத் தொறந்து வையி. பின்னால உங்கப்பா செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கான். அவனுக்கும் கேக்குற மாரி சத்தமா வாசி."