வெள்ளிக்கிழமைக் கால்கள்

ஒன்றரை வருடம் நான் என் மனைவியை நம்பவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பி.ஏ. முடித்தும் காஞ்சிபுரத்தில் வீட்டுத் தறியிலேயே உட்கார்ந்தவன் நான். பட்டுச் சேலையின் உடலை நான் நெய்வேன். பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கான சிவப்பு நூல் சுற்றிய நாடாக் கட்டையை அவள் இழைகளுக்கிடையே எறிவாள். இருவர் கையும் ஒத்துப்போனால்தான் உடலும் கரையும் சேரும். அறுபதுகளின் கடைசியில் ஒருநாள் அந்தச் சேர்க்கை ஒரு முழத்துக்கு விட்டுப்போயிருந்தது.

"இடது கண்ணு வலிக்குதுங்க. செவப்பு வெளுத்தாப்ல தெரியுது."

"வேலைய கெடுத்துட்டு கண்ணுமேல பழிபோடாதே."

ஒரு மாதத்தில் பார்வை தானாகத் திரும்பியது. அவள் சொன்னது பொய் என்பதற்கு எனக்கு அதுவே போதும்.

மறுவருடம் கால். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்து வெந்நீரில் தலைமுழுகினால், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வருவாள். உடம்பு குளிர்ந்ததும் சாதாரணமாக நடப்பாள்.

"வெள்ளிக்கிழமையானா உன் காலு லீவு போட்டுடுதே!" என்றேன், என் அம்மாவின் எதிரிலேயே.

"உங்க கால இரவல் குடுங்க. சனிக்கிழமை திருப்பித் தரேன்," என்றாள்.

ஒரு சனிக்கிழமை கால் திரும்பவில்லை. மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

"முன்னாடி கண்ணு மங்கி, தானா சரியாச்சா? செவப்பு வெளுத்துத் தெரிஞ்சுதா? வெந்நீர்ல குளிச்சா கால் தளருதா?" என்று டாக்டர் கேட்டார்.

"அவரையே கேளுங்க டாக்டர். எல்லாத்தையும் கவனிச்சிக்கினுதான் இருந்தாரு," என்றாள் அவள்.

குற்றங்களாக நான் சேர்த்துவைத்திருந்த ஒவ்வொன்றையும் சொன்னேன். டாக்டர் நோயின் அடையாளங்களாக எழுதிக்கொண்டார். 'மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ்' என்ற நரம்பு நோய் என்றார். நம் நாட்டில் அதிகம் பார்ப்பதில்லை, கண்ணிலும் தண்டுவடத்திலும் வந்து வந்து போகும், அதனால் பலரும் நடிப்பு என்றே நினைத்துவிடுவார்கள் என்றார். என்னைப் பாராட்டவும் செய்தார்.

திரும்பும் ரயிலில், வாலாஜாபாத் தாண்டியதும் கேட்டேன்: "நான் நம்பலன்னு ஏன் அவர்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா என்னை வுட்டுட்டு உங்களுக்கு வைத்தியம் பாத்திருப்பாரு."

நோய் வந்து வந்து போயிற்று. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டே போயிற்று. முதலில் கைத்தடி, பல வருடம் கழித்து நாற்காலி. ஆனாலும் திருந்துவதற்கு அவள் எனக்கு நிறையக் காலம் கொடுத்தாள். வெள்ளிக்கிழமைகளில் வெந்நீருக்குப் பதில் கிணற்றுத் தண்ணீரை நானே இறைத்து அவள் தலையில் ஊற்றினேன். தறியில் உட்காருமுன், "இன்னிக்கு செவப்பு எப்படி இருக்குது?" என்று கேட்பேன்.

"வெளுத்திருக்குது" என்று சொன்ன நாளில் என் நாடாவையும் கீழே வைத்துவிடுவேன்.