காலடி இரைச்சல்

அப்பாவின் வேலையிடத்துக்குப் பதினொரு படி இறங்க வேண்டும். கீழே ஜன்னல் இல்லாத ஒரு நிலவறை. பாறையோடு சேர்த்துக் கட்டிய மேடைமேல் நிலநடுக்கமானி. நான்கடி தள்ளி, காகிதம் சுற்றிய உருளை. உருளை சுழலச் சுழல மை முள் அதன்மேல் கோடு போட்டுக்கொண்டே போகும். பூமி சும்மா இருந்தால் கோடு நேராக இருக்கும், அசைந்தால் நடுங்கும். ஒரு நாளுக்கு ஒரு தாள். காலை எட்டு பத்துக்கு அப்பா இறங்கிப் போய் முள்ளைத் தூக்கிவிட்டுப் பழைய தாளை எடுப்பார். புதிய தாளைச் சுற்றுவார். வானொலியில் வரும் நேர ஒலியோடு கடிகாரத்தை ஒப்பிட்டு, வித்தியாசத்தைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதுவார். இருபத்தெட்டு வருடம் இதைச் செய்தார். அவர் விடுப்பு எடுத்த நாட்களை நிலையப் பதிவேட்டிலிருந்து எண்ணினேன், அறுபத்து மூன்று. அந்தத் தாள்களில் கையெழுத்து வேறு.

கருவிக்குப் பாகுபாடு தெரியாது. லாரி போனாலும் எழுதும், கதவை அறைந்து சாத்தினாலும் எழுதும். அப்பா படியிறங்குவதையும் எழுதியது. ஆகவே ஒவ்வொரு தாளின் முடிவிலும் அவர் வருகை இருக்கிறது, பதினொரு சிறு முடிச்சுகளாக. சின்ன வயதில் முறிந்த இடது கால் சரியாகச் சேரவில்லை. அதனால் வலது காலை ஓங்கி வைப்பார், இடதைத் தயங்கி வைப்பார். முடிச்சுகளும் ஒன்று பெரிது, அடுத்தது சிறிது.

எனக்கு இரண்டு வயது நடந்தபோது அந்தப் பெரிய நிலநடுக்கம் வந்தது. காலை எட்டு பதினொன்று. அப்பா அப்போது படியில் இருந்தார்.

அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சொல்வாள்.

“வீடே ஊஞ்சல் ஆடுது. இடுப்புல இவ. தெருவுல நின்னு தொண்டை கிழியக் கத்துறேன். உங்கப்பா எங்க? பொந்துக்குள்ள.”

“ஓடித்தானே வந்தேன்?”

“வந்தீங்க, வந்தீங்க. பூமியே களைச்சுப்போய் உக்காந்த அப்புறம் வந்தீங்க.”

அப்பா சிரிப்பார். ஆனால் அந்தப் பேச்சு முடிந்ததும் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார். காரணம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

நிலநடுக்கம் எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிப்பதற்கு, முதல் அலை ஒவ்வொரு நிலையத்துக்கும் எந்த நொடியில் வந்து சேர்ந்தது என்று தெரிய வேண்டும். அந்த நேரங்களை ஒன்றோடொன்று பொருத்தி இடத்தைக் கணக்கிடுவோம். நிலையங்கள் எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் கணக்கு வழுக்கும். குரல் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று சொல்ல எதிர்ப்பக்கமும் ஒரு காது வேண்டும். அன்று இயங்கிய மற்ற நிலையங்கள் எல்லாம் வடக்கே இருந்தன. தெற்கே இருந்த ஒரே காது அப்பாவின் நிலவறை.

அந்தக் காதுக்குள்தான் அப்பா நடந்துகொண்டிருந்தார்.

ஒரு வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தாளை விரித்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தார். கோட்டில் வரிசையாகக் காலடி முடிச்சுகள். ஒன்பதாவது முடிச்சு முடிவதற்குள் முள் தாளின் இரண்டு ஓரத்துக்கும் பாய்ந்துவிட்டது. முதல் அலை மெலிதாகத் தொடங்கியிருந்தால் அது முடிச்சுகளுக்குள் எங்கோ புதைந்திருக்க வேண்டும்.

“ஊர்ல எல்லாருக்கும் பூமி நடுங்கியிருக்கு. உங்களுக்கு மட்டும் கால் நடுங்கியிருக்கு போல?” என்றாராம்.

ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் எழுதினார்: காலடி இரைச்சல். பயன்படுத்தவில்லை.

அப்பா மறுத்துப் பேசவில்லை. எந்தப் படியில் இருந்தோம் என்பது அவருக்கே நினைவில்லை. அதிகாரி எண்ணிச் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டார். வடக்கே இரண்டு ஊர்கள் இடிந்து கிடந்தன. பாறையில் நாற்பது கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு. அது எந்த முனையில் தொடங்கி எந்தப் பக்கமாக ஓடியது என்று சொல்ல முடியவில்லை. நிலநடுக்க அட்டவணையில் தொடங்கிய இடத்துக்கு நேரே ஒரு கேள்விக்குறி. முப்பத்திரண்டு வருடம் அது அங்கேயே இருந்தது. தன் காலால் வந்த கேள்விக்குறி என்று அப்பா நம்பினார்.

நான் படித்து, அதே தலைமை அலுவலகத்தில் பதிவுகளை ஆராயும் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வருட விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தபோது அப்பா கேட்டார்.

“ஏம்மா, ஒரு கோட்டு மேல இன்னொரு கோடு விழுந்திருந்தா பிரிச்சு எடுக்க முடியுமா?”

“எந்தக் கோடு?”

“சும்மாதான் கேட்டேன். என் கால் மிதிச்ச கோடு.”

“இரைச்சல்ல மூழ்கினது மூழ்கினதுதான்ப்பா.”

நான்கு வருடம் கழித்து இன்னொரு முறை கேட்டார். அப்போது ஏதோ அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே முடியாது என்றேன். மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை.

போன வருடம் அப்பா இறந்தார். எழுபத்தோரு வயது. பழைய தாள்களைக் கணினிக்கு ஏற்றும் வேலை அதன்பிறகு நான்கு மாதத்தில் எங்கள் பிரிவுக்கு வந்தது. அப்பாவின் நிலையத்திலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. முதல் பெட்டியைத் திறந்ததும் அவர் கையெழுத்து. மூடி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது எனக்கு ஒரு யோசனை இருந்தது. அது புதிய யோசனை அல்ல. அவர் முதல்முறை கேட்டபோதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது.

ஒரு மனிதன் தினமும் அதே படியில், அதே நேரத்தில், அதே காலோடு இறங்குகிறான். நூற்றுக்கணக்கான காலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால் அவன் காலடியின் வடிவம் கிடைக்கும். நிலநடுக்கம் வந்த அன்றைய கோட்டிலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் பூமியுடையது.

அறுநூறு காலைகளை அடுக்கினேன். கழித்தேன். குப்பை வந்தது.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். அவர் அப்பாவோடு சில காலம் வேலை பார்த்தவர். “பூனையோட காலடியையா தேடுற தாயே? கிடைச்ச மாதிரிதான்.”

“பூனையா?”

“உங்கப்பாவுக்கு நாங்க வெச்ச பேரு. எப்ப வந்தார், எப்ப போனார்னு யாருக்கும் தெரியாது. நிமிர்ந்து பார்த்தா பக்கத்துல நிப்பார். ஒரு தடவை என் கையில இருந்த மை பாட்டிலே விழுந்துடுச்சு.”

இரண்டு கால்களையும் இரண்டு விதமாக வைத்து இறங்கியவருக்குப் பூனை என்று பெயரா? முடிச்சுகளின் உயரத்தைத் தேதிவாரியாக வரைந்து பார்த்தேன். முதல் ஒன்பது வருடத்துக்குக் கையில் இருந்தது சில தாள்களே, எல்லாவற்றிலும் ஒரே அளவு. பிறகு செங்குத்தாக ஒரு சரிவு. அதன்பின் பத்தொன்பது வருடம் மூன்றில் ஒரு பங்கு உயரம்கூட இல்லை.

சரிவு நிலநடுக்கத்துக்கு மறுநாள்.

கருவியின் உணர்திறனைக் குறைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். பதிவேட்டில் அப்படி எதுவும் இல்லை. தூரத்து நிலநடுக்கங்கள் முன்னும் பின்னும் அதே அளவில்தான் பதிவாகியிருந்தன. அப்படியானால் மாறியது கால் மட்டும்.

அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“அப்பா வேலைக்கு ஷூ போட்டுத்தானே போவார்?”

“போட்டுட்டுத்தான் போவார். அங்க வாசல்ல கழட்டிடுவார். நீ கைக்குழந்தையா இருந்தப்ப ஆரம்பிச்ச கூத்து. குளிர்காலத்துலயும் வெறுங்கால்தான். குதிகாலெல்லாம் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். களிம்பு தடவித் தடவி என் கைதான் தேஞ்சுது. எதுக்குங்க இந்த வேண்டுதல்னு கேட்டா, தரை அழுக்காகும்பார்.”

திரையில் இருந்த சரிவின் தேதியை மறுபடி பார்த்தேன்.

“என்னடி? லைன்ல இருக்கியா?”

“இருக்கேம்மா.”

ஆக, நான் அடுக்கிய அறுநூறு காலைகளில் பெரும்பாலானவை வெறுங்கால் காலைகள். ஷூ போட்டு நடந்த காலத்தின் தாள்கள் வேண்டும். அந்த ஒன்பது வருடத்தின் மற்றத் தாள்கள் அடிப்பெட்டிகளில் இருந்தன. பாதியைக் கரையான் தின்றிருந்தது, மீதியில் பெரும்பகுதி தண்ணீர் பட்டு ஊறியிருந்தது. எல்லாம் சேர்த்துத் தேறியவை ஐம்பத்திரண்டு. படிக்குப் படி பொருத்தி, வலது தனி, இடது தனியாகச் சராசரி எடுத்தேன். மூன்று வாரம் ஆனது.

கழித்தேன். முதல் முடிச்சு போனது. இரண்டாவது போனது. ஏழு வரைக்கும் துடைத்துவிட்டது போலக் கோடு நேரானது. எட்டாவது போகவில்லை. கழித்த இடத்தில் கோடு இன்னும் மோசமானது. காலடியின் வடிவம் தலைகீழாக விழுந்திருந்தது. ஒன்பதாவதிலும் அதேதான்.

இல்லாத ஒன்றைக் கழித்தால்தான் அப்படி வரும்.

எட்டாவது படிக்கு இடது காலின் சிறு முடிச்சு எங்கே விழ வேண்டுமோ, அங்கே எதுவும் விழவில்லை. அதற்குச் சற்று முன்பே ஓர் அசைவு தொடங்கியிருந்தது. வடிவம் வேறு, அதிர்வெண் வேறு. காலடி அளவுக்கே சிறியது, ஆனால் காலடி அல்ல. அதிகாரி எட்டு, ஒன்பது என்று எண்ணியது நிலநடுக்கத்தை. பிளவு மெலிதாகத் தொடங்கி, இரண்டு வினாடி கழித்துத்தான் பெரிதாக உடைந்திருக்கிறது. அந்த இரண்டு வினாடியை அவர் அப்பாவின் கணக்கில் எழுதிவிட்டார்.

அப்பா ஏழாவது படியோடு நின்றுவிட்டார்.

பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினேன். “அவ்வளவு சின்ன அசைவு ஒரு மனுஷனுக்குத் தெரியுமா?” என்றார். தெரியாது. கேட்க ஆளில்லை. உள்ளங்காலில் உணர்ந்தாரா, ஏதாவது சத்தம் கேட்டதா, தற்செயலாக நின்றாரா, எதையும் தாள் சொல்லவில்லை. அடுத்த கால் விழவில்லை என்பதை மட்டும் சொல்கிறது.

புதிய நேரத்தைக் கணக்கில் சேர்த்தேன். எட்டு மணி பதினொரு நிமிடம் இருபத்து மூன்று புள்ளி மூன்று வினாடி. வழுக்கிக்கொண்டிருந்த இடம் தெற்கு முனையில் வந்து நின்றது. பிளவு எங்கள் பக்கம் தொடங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டி வடக்கே ஓடியிருக்கிறது. ஓடும் திசையில்தான் ஆட்டம் குவியும். வடக்கே இரண்டு ஊர்கள் விழுந்ததற்கும், எங்கள் வீட்டில் சுவர் வெடித்ததோடு நின்றதற்கும் அதுதான் காரணம்.

ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு தரம் போட வேண்டும். மிகத் துல்லியமானதற்குப் பூஜ்யம். பயன்படாததற்கு நான்கு.

“பூஜ்யம் போடு தாயே. யார் கேக்கப்போறா?” என்றார் பக்கத்து மேசைக்காரர்.

என் கணக்கில் கால் வினாடி வரை பிழை இருக்கலாம். அதற்குரிய தரம் ஒன்று. ஒன்றுதான் போட்டேன். சந்தேகம் இருந்தால் ஒரு படி கீழே போடு என்பது அப்பாவின் வழக்கம். அவரிடம் கேட்டிருந்தால் இரண்டு போடச் சொல்லியிருப்பார்.

அந்த வார இறுதியில் வீட்டுக்குப் போனேன். தாளின் அந்தப் பகுதியைப் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். சாப்பாட்டு மேசைமேல் விரித்து அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் அம்மா கேட்டது அதுதான் முதல்முறை.

“அப்ப அவர் மிதிக்கவே இல்லையா?”

“இல்லம்மா.”

“பத்தொன்பது வருஷம் வெறுங்கால்ல எறங்கினாரேடி.”

“ஆமாம்மா.”

“இத ஏன் நீ அப்பவே செய்யல?”

அவள் குற்றம் சாட்டவில்லை. கேட்டாள், அவ்வளவுதான்.

“ரெண்டு தடவை கேட்டார்மா. முடியாதுன்னு சொல்லிட்டேன். பார்க்காமலே சொல்லிட்டேன்.”

அம்மா காகிதத்தின் ஓரத்தை நீவினாள்.

“தெரியும். வந்து சொன்னார். ‘பொண்ணு அப்பனாச்சேன்னு வழவழான்னு பேசல, முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா, வேலை தெரிஞ்சவ’ன்னு. பெருமையாத்தான் சொன்னார். எனக்குத்தான் எரிச்சலா இருந்துது.”

நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளின்மேல் குனிந்திருந்தாள்.

“இதுல எதெது அவர்?”

“இந்தச் சின்னச் சின்ன முடிச்சு எல்லாம்.”

முதல் முடிச்சின்மேல் விரலை வைத்தாள். “இது வலது.” அடுத்ததற்கு நகர்த்தினாள். “இது இடது. இதத்தான் பார்த்துப் பார்த்து வெப்பார்.” நான் சொல்லித்தரவில்லை. அவர் மாடியிலிருந்து இறங்குவதை எத்தனையோ வருடம் சமையலறையிலிருந்து கேட்டவள். வலது, இடது, வலது என்று முணுமுணுத்துக்கொண்டே ஏழு வரைக்கும் வந்தாள். விரல் நின்றது.

“இங்கயா நின்னார்?”

“அங்கதாம்மா.”

அதற்கப்பால் கோடு தாளை நிறைத்துக்கொண்டு எழுந்து விழுந்தது. அம்மா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. விரலையும் எடுக்கவில்லை.