அணிலோட அம்மாவைக் கொன்ன குரூப்

கார்ட்டூன் படங்களை எல்லாம் ஒரே காலவரிசையில கோர்க்கிற ரசிகர் வாட்ஸ்அப் குரூப்புல இன்னைக்கு ஓட்டெடுப்பு. ஒரு படத்துல வந்த அணிலோட அம்மாவை அடுத்த படத்துல காணோமாம். அதனால நடுவுல செத்துட்டாளாம். கைதட்டுற எமோஜி போட்டு முடிவு பண்ணிட்டானுங்க.

செம்மேடு பஸ்ல படிச்சிட்டு, "அநியாயமாக் கொன்னுட்டானுங்களே"ன்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன்.

மரவள்ளி மூட்டையோட பக்கத்துல இருந்த அக்கா பதறி, "யாரைங்க சாமி?"ன்னாங்க.

அணில் கதையைச் சொன்னேன். மூட்டையைக் காலோட இழுத்து வச்சுக்கிட்டுக் கேட்டாங்க:

"எம்மவ கல்யாண வீடியோவுல நானுந்தான் இல்லீங்க. அடுப்படியிலயே நின்னேன். அப்ப நானும் செத்துட்டேனுங்களா?"

அதை அப்படியே குரூப்புல போட்டேன். அட்மின் கேக்குறான்: "ஆதாரம் இருக்கா?"

த்தூ! குரூப்பை விட்டே வெளிய வந்துட்டேன். என்னை எந்த ரெண்டு படத்துக்கு நடுவுல புதைச்சானுங்கன்னு, உள்ள இருக்கிறவங்க பாத்துச் சொல்லுங்க.