படலை வரைக்கும் ஒரு பாதை

எங்கள் பள்ளிக்கூடத்துச் சித்திர ஆசிரியர் இராசலிங்கம் மாஸ்டர் காலமாகிவிட்டார் என்று இரண்டு கிழமைக்கு முன் ஒருநாள் காலையில் தொலைபேசி வந்தது. எனக்கு முதலில் அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. சீனி வருத்தம் என்கிற நீரிழிவில் ஒரு காலை இழந்து சக்கர நாற்காலியில் இருக்கிறார் அவர் மனைவி மணி அக்கா. மகன் வெளிநாட்டில். பண்டத்தரிப்பு ஊரில் அவ்வளவு பெரிய வீடு வளவுக்குள் இனி அவருக்கு யார்?

மாஸ்டரோடு படிப்பித்த எங்கள் எல்லாருக்கும் அவர் பிடிவாதம் தெரியும். கால் எடுத்து அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், வீட்டு வாசலிலிருந்து தெருப் படலை வரைக்கும் பாதை போட வெளிக்கிட்டார். சித்திரக்காரர் அல்லவா! தான் ஆசையாய் வளர்த்த குரோட்டன் செடிகளுக்கு நடுவே வளைத்து வளைத்து, வெள்ளைச் சல்லிக்கல் பரப்பி, எங்களையும் கூப்பிட்டுக் காட்டினார். வடிவென்றால் அப்படியொரு வடிவு. முதல் வளைவிலேயே நாற்காலியின் சில்லுகள் கல்லுக்குள் புதைந்தன. மாஸ்டர் ஓடிப்போய்ப் பின்னாலிருந்து தள்ளினார். அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“படலையடிக்குப் போக நான் ஆளைக் கூப்பிட வேணுமெண்டால், இது ஆருக்குப் போட்ட பாதை?”

அடுத்த நாளே மாஸ்டர் சல்லியை அள்ளத் தொடங்கினார். குரோட்டன்களைக் கிளப்பினார். நேராக, மழையிலும் வழுக்காதபடி சொரசொரப்பாகச் சீமெந்துப் பாதை போடுவித்தார். பிறகு தானே நாற்காலியில் ஏறி, கால் ஊன்றாமல் உருட்டிப் பார்த்தார். கை நொந்த இடத்தை உடைத்துத் திரும்பவும் போடச் சொன்னார். மாஸ்டருக்கு விசர் பிடித்துவிட்டது என்று மேசன் என்னிடம் புறுபுறுத்தார்.

ஒருநாள் உதவிசெய்ய நினைத்து அக்காவின் நாற்காலிப் பிடியில் கை வைத்தேன். மாஸ்டர் தடுத்தார்.

“கேளாமல் தள்ளாதையுங்கோ ரீச்சர். அவ போவா.”

எனக்குச் சுள்ளென்றது. ஆனால் அதற்குப் பிறகு தினமும் படலையடியில் மீன்காரரோடு விலை பேசி வாங்கியது அக்காதான்.

செத்தவீட்டன்று அந்தப் பாதை முழுக்க வாடகைக் கதிரைகள். கண்டபடி ஏசிவிட்டு எல்லாவற்றையும் எடுப்பித்தேன். பிரேதம் வெளிக்கிட்டபோது அக்காவின் நாற்காலியைத் தள்ள நாலைந்து பேர் பாய்ந்தார்கள். என் கையும் போனது. சட்டென்று எடுத்துக்கொண்டு, மற்றவர்களையும் விடச் சொன்னேன். அக்கா அழுதழுது, தன் கையாலேயே உருட்டிக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் போனார். எங்கள் பெண்கள் சுடலைக்குப் போகாமல் படலையோடு நிற்பதுதான் வழக்கம். அக்காவும் நின்றார்.

“இதுவரைக்கும்தான் அவர் பாதை போட்டுத் தந்தவர்,” என்றார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து, செத்தவீட்டுக்கு வந்திருந்த மகன் என்னிடம் வந்தார். வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போகப் போவதாகவும், அங்கே தன் பத்தாம் மாடி வீட்டில் எல்லா வசதியும் இருப்பதாகவும் சொன்னார். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல மாட்டேன்.

“அம்மாவைக் கேட்டனீங்களோ, தம்பி?”

அவர் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் கேட்கவில்லை என்றார்.

மாஸ்டர் எனக்கென்று விட்டுப்போனது அந்த ஒரு கேள்விதான். அக்கா என்ன பதில் சொல்வாரோ என்று நினைக்க எனக்கு நித்திரை வருவதில்லை.