காத்து டேங்க்கில வந்த எண்ணெய்

ஒரு மனுசன் வாயை இன்னொரு மனுசன் மோந்து பாக்குறதப் போல கேவலம் வேற இல்ல. என் வாயை மோந்து பாத்தது சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற நேரத்துல, தேயிலை அரைக்கிற ஸ்டோருக்கு முன்னால. கூடையோட வரிசையில நின்ன அத்தனை பொம்பளைகளும் வேடிக்கை பாத்தாங்க. அதுல என் பொஞ்சாதியும் ஒருத்தி.

அப்ப நான் தோட்டத்து லொறி டிரைவர். அன்னைக்கு மத்தியானம் தேயிலைப் பெட்டி ஏத்திக்கிட்டு தெமோதரை ஸ்டேஷனுக்கு இறங்கிக்கிட்டிருந்தேன். ரோடு வளையிற ஒரு முடக்குல பிரேக்க மிதிச்சேன், பிடிக்கல. அது காத்துல வேலை செய்யிற பிரேக்கு, மிதிச்ச உடனே பிடிக்கணும். இது சும்மா கெடந்துட்டு அப்புறம் ஒரேயடியா பிடிச்சுது. லொறி பக்கவாட்டுல சறுக்கி தேயிலைச் செடிக்குள்ள மூக்க வச்சு நின்னுச்சு. கொஞ்சம் பெட்டி உடைஞ்சதோட சரி, யாருக்கும் அடி படல. டிராக்டர்ல கட்டி லொறிய ஸ்டோருக்கு இழுத்துட்டு வந்தோம்.

"பிரேக்கு லேட்டா பிடிக்குதுங்க"ன்னு தோட்டத்து துரைகிட்ட சொன்னேன். அவர் பிரேக்கப் பத்தி ஒண்ணுமே கேக்கல, என் முகத்தையே பாத்தார். ஏன் பாத்தார்னு தோட்டத்துக்கே தெரியும். ஒன்றரை வருசத்துக்கு முந்தி வரைக்கும் நான் குடிச்சிட்டு தண்ணி ஓடுற கானுக்குள்ள கெடந்த ஆளு. மாதா கோயில்ல முழங்கால் போட்டு சத்தியம் பண்ணி குடிய விட்டேன். விட்டவன் பேச்ச எவன் நம்புவான்?

துரை கணக்கப்பிள்ளையக் கூப்பிட்டு, "இவன் வாயை மோந்து பாரு"ன்னார். அந்தாளு மூக்கக் கொண்டாந்து வச்சு இழுத்துப் பாத்துட்டு, "வெத்தல வாசந்தாங்க வருது"ன்னார். "அத மறைக்கத்தான் வெத்தல"ன்னு துரை முடிச்சிட்டார். நாளைக்கு பதுளையில இருந்து மெக்கானிக் வருவாராம். லொறியில கோளாறு இல்லேன்னா நான் டிரைவர் வேலைய விட்டுட்டு மலையில மம்பட்டி தூக்கணுமாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு கணக்கப்பிள்ளை மூக்கக் கடிச்சிருப்பேன். என் பொஞ்சாதி கொழுந்தக் கொட்டிட்டு என் பக்கமே திரும்பாம போயிட்டா.

மெக்கானிக், டவுன்ல கராஜ் வச்சிருந்த ஒரு முஸ்லிம் ஆளு. அண்ணன்ங்கிறதுக்கு அவங்க நானாம்பாங்க, நாங்களும் நானான்னுதான் கூப்பிடுவோம். மலையேறி வரச் சொன்னதுக்கு முனகிக்கிட்டே வந்தார். லொறிக்கு அடியில படுத்து, காத்து சேருற டேங்க்குக்குக் கீழ தேயிலைப் பெட்டிக்குள்ள போடுற ஈயத்தாளப் பிடிச்சுக்கிட்டு குழாயத் தொறந்தார். பால் தேத்தண்ணி கலர்ல கொழகொழன்னு பீச்சி அடிச்சுது. ரெண்டு விரல்ல தேச்சுப் பாத்து, "எண்ணெய்"ன்னார்.

எஞ்சின்ல எண்ணெய் கூடிப்போச்சான்னு அளவுக் கம்பிய உருவிப் பாத்தார். சரியாத்தான் இருந்துச்சு. காத்து இழுக்குற எடத்துல தூசி தடுக்குற வடியும் சுத்தம். காத்து அடிக்கிற பம்புல இருந்து வர்ற குழாயக் கழட்டினா உள்ளுக்கு தாரு மாதிரி கருப்பு. "பம்புக்குள்ள ரிங்ஸ் தேஞ்சிட்டு. எஞ்சின் எண்ணெய் காத்தோட சேந்து பிரேக்குக்குப் போகுது"ன்னார். பிரேக்கு மிதிக்கு அடியில இருந்த வால்வையும் தொறந்து காட்டினார். உள்ள இருந்த ரப்பர் ஊற வச்ச வடை மாதிரி உப்பிப் போயிருந்துச்சு. அது இறுகிக்கிட்டுத்தான் பிரேக்கு லேட்டா பிடிச்சிருக்கு. அவர் கால்ல விழலாமான்னு இருந்துச்சு எனக்கு.

அப்பதான் நானா கேட்டார்: "காலையில இந்த டேங்க்கத் தொறந்து, உள்ள தேங்குற தண்ணிய வெளிய விடுறது யாரு?"

"நாந்தான் நானா."

"எண்ணெய் வாறதக் காணலயா?"

காணலேன்னு சொன்னா, தொறந்தே விடலேன்னு ஆயிரும். கண்டேன்னு சொன்னா? தலை குனிஞ்சு உண்மையச் சொன்னேன். "மழைக்காலத்துக்கு முந்தியே கண்டேன் நானா. தலைக்கு எண்ணெய் வச்ச மாதிரி, ரப்பர் காயாம இருக்கும், நல்லதுதானேன்னு விட்டுட்டேன்."

துரை சிரிச்சார். ஸ்டோரே சிரிச்சுது. நானா மட்டும் சிரிக்கல. "உங்கள அல்லாதான் காப்பாத்தியிருக்கான்"ன்னார். துரை, "குடிகாரன் இல்ல, மடையன்"னு சொல்லி, லொறி சரியானதும் என்னையே ஓட்டச் சொன்னார். வெக்கத்துல உடம்பே கூசிச்சு. ஆனா மடையன்கிற பேரு அன்னைக்கு எனக்கு இனிச்சுது. இத முதல்ல வீட்டுல சொல்லணும்னு நாங்க குடியிருந்த லயத்துக்கு ஓடினேன்.

சேதி எனக்கு முந்தி போயிருச்சு. அவ அடுப்புக்கிட்ட உக்காந்திருந்தா. எங்க ஒத்த அறைக் காம்பரா மூலையில தகரப்பெட்டி கயித்தால கட்டி வச்சிருந்துச்சு. கொடியில அவ சீலையும் இல்ல, பிள்ளைகள் உடுப்பும் இல்ல.

"என்ன இது?"ன்னேன்.

"கோளாறு இல்லேன்னு அந்த நானா சொல்லியிருந்தா, அந்தி பஸ்ஸுக்கே பூனாகலைக்கு அம்மாகிட்ட போயிருப்பேன்."

"குடிக்கலேன்னு நேத்து ராத்திரியே ஒங்கிட்ட சொன்னேனே."

அவ கோவமா பேசல. அடுப்ப ஊதிக்கிட்டே சொன்னா: "அந்தக் காலத்துலயும் அப்படித்தாங்க சொல்லுவீங்க."

பெட்டிய அவதான் அவுத்து, துணிய ஒவ்வொண்ணா எடுத்துக் கொடியில போட்டா. உதவிக்குப் போக எனக்கு முகம் இல்ல. வாசப்படியில உக்காந்து, அவ போட்டு முடிக்கிற வரைக்கும் ரோட்டப் பாத்துக்கிட்டே இருந்தேன்.