சித்தூர் டீம் வரத் தாமதமான அன்று

மணி மூன்றே கால். ஞாயிற்றுக்கிழமை, மாசி வெயில். மாநிலங்களைப் பிரித்து, மலபாரில் இருந்த எங்கள் கொல்லங்கோட்டையும், பழைய கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்த சித்தூரையும் ஒரே கேரளத்தில் சேர்த்த பிறகு வந்த முதல் கோடை அது. அன்று ஐந்து மணிக்கு, அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வயலில், எங்கள் ஊருக்கும் சித்தூருக்கும் கால்பந்து பைனல். எங்கள் டீமில் முன்னால் நின்று கோல் போடுகிறவன் என் மகன். எழுப்பி நாலு வாய் சோறு சாப்பிட வைக்கலாம் என்று உள்ளறைக் கதவைத் திறந்தேன். பாய் விரித்தபடி கிடந்தது. பையன் இல்லை. பின்கதவு தாழ்ப்பாள் போடாமல் வெறுமனே சாத்தியிருந்தது.

"ஏனுங்க, சட்டை கொடியிலயே தொங்குதுங்களே," என்றாள் என் மனைவி. ஆட்டத்துக்கென்று அவளே துவைத்துக் காயப்போட்ட சட்டை அது. அதைப் போடாமல் அவன் எங்கே போவான்?

என்ன நடந்தது என்று புரிய, அதற்கு முந்தைய நாலைந்து நாட்களைச் சொல்லியாக வேண்டும். என் மகனுக்கு அப்போது இருபது வயது. பகலெல்லாம் எங்கள் துணிக்கடையில் துணிப் பொதி இறக்குவான், அளந்து கிழிப்பான், சாயங்காலம் பந்து விளையாடுவான். டீமில் எல்லோருமே இப்படித்தான். ஏர் ஓட்டுகிறவன், மில்லில் மூட்டை தூக்குகிறவன், பஸ் கழுவுகிறவன். புதன்கிழமை செமி பைனலில் இவன் இரண்டு கோல் போட்டான். அன்றிலிருந்து ஊர் அவனை விடவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவனை மெச்சினால் சோறு போட்டுத்தான் மெச்சுவார்கள். ஒரு வீட்டில் சாப்பிட்டு அடுத்த வீட்டில் மாட்டேன் என்றால் அது சண்டையில் முடியும். இருட்டிய பிறகும் வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தூங்குகிறான் என்று சொன்னால், "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிர்றனுங்க" என்று எழுப்பிச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். பக்கத்துக் கடைத் தையல்காரர் மூன்று தடவை வந்தார். "தம்பி, நீ மட்டும் கோல் போடலீன்னா நான் சித்தூர்ல தலை காட்ட முடியாதுடா. என்ற மாமியார் ஊடே அங்கதான் இருக்குது!" எல்லோரும் சிரித்தோம். பையனும் சிரித்தான். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் அவன் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. அதை அவன் அம்மாதான் கவனித்தாள்.

கமிட்டிப் பிரசிடெண்ட் ஒரு ரைஸ்மில் முதலாளி. ஆட்டக்காரர்கள் சோம்பிவிடக் கூடாது என்று காலையும் மாலையும் வயலைச் சுற்றி ஓடவிட்டார். தண்ணீர் குடித்தால் வயிறு குலுங்கும் என்று அதற்கும் தடை. சனிக்கிழமை காலையில் எல்லோர் வீட்டுக்கும் விளக்கெண்ணெய் கொடுத்தனுப்பினார். கல்யாணமோ பரீட்சையோ, பெரிய காரியம் எதுவானாலும் முந்தின நாள் பேதிக்குக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வயிறு காலியானால் கால் பறக்கும் என்பது பிரசிடெண்டின் கணக்கு. மற்றப் பையன்கள் அதை வேலிக்கு அந்தப் பக்கம் ஊற்றிவிட்டார்கள் என்று பின்னால் தெரிந்தது. என் மகன் மட்டும் குடித்தான். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

அன்று முழுவதும் அவன் கொல்லைப்புறத்துக்கும் பாய்க்கும் நடந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில், "அத்தா, காலு என்ற காலு மாதிரியே இல்லீங்க," என்றான். பைனல் பயம் என்று நினைத்து, "ஆடப் போனா சரியாயிரும்," என்று சொல்லி அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அதற்குப் பிறகுதான் அந்த மூன்றே கால் மணி.

முதலில் கிணற்றை எட்டிப் பார்த்தேன். பெற்றவர்களுக்கு அது ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு ரயில்பாதை ஓரமாக ஸ்டேஷன் வரை ஓடினேன். பள்ளிவாசல், குளத்தங்கரை, அவன் கூட்டாளிகளின் வீடுகள், எங்கும் இல்லை.

கடைசியில் மைதானத்துக்குப் போனேன். ஆட்டம் தொடங்கும் நேரம் நெருங்கிவிட்டது. வரப்பு தெரியாமல் ஜனம். எங்கள் டீம் சட்டை மாட்டி நின்றது. சித்தூர் டீமைக் காணோம். என் மகனையும் காணோம் என்று நான் சொன்னதுதான் தாமதம், யாரோ ஒருவன் கத்தினான்: "சித்தூர்க்காரனுங்க பையனைத் தூக்கிட்டானுங்கடோய்!" அவ்வளவுதான். இளவட்டங்கள் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கட்டியிருந்த மூங்கில்களை உருவ ஆரம்பித்தார்கள். ஒளிக்காமல் சொல்கிறேன், நானும் அதை நம்பினேன். தூக்கிக்கொண்டு போனால்கூடப் பரவாயில்லை, உயிரோடு இருப்பான் என்று நினைத்தேன்.

ஐந்தும் கடந்தது. பாலக்காட்டிலிருந்து வந்த ரெப்ரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிரசிடெண்ட் அவரிடம் போய், "வரலீன்னா வாக்கோவர்தானுங்களே? கப்பை இங்க குடுத்திருங்க," என்றார். எங்கள் காப்டன், வயலில் ஏர் ஓட்டுகிற பையன், முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பையனைக் காணோம்னு அவங்கத்தா நின்னு அழுகறாரு, உனக்குக் கப்பு கேக்குதா?" என்றான். முதலாளியிடம் அவன் அப்படிப் பேசி அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்றார் ரெப்ரி.

அப்போதுதான் சித்தூர் சாலையில் புழுதி எழுந்தது. நெல் லாரி ஒன்று மெதுவாக, மாட்டுவண்டியைவிட மெதுவாக வந்தது. மூங்கில்காரர்கள் ஓடிப்போய் மறித்தார்கள். லாரிக்குள் சித்தூர் ஆட்டக்காரர்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். உட்கார இடம் இல்லை. இருந்த இடம் முழுவதும் வைக்கோல் பரப்பி, அதன் மேல் ஒருவனைப் படுக்க வைத்திருந்தார்கள். வெயில் படாமல் இரண்டு பேர் தங்கள் ஆட்டச் சட்டையைக் கழற்றிப் பந்தல் மாதிரி பிடித்திருந்தார்கள். அதன் நிழலில் என் மகன் கிடந்தான்.

நான் சக்கரத்தில் கால் வைத்து ஏறினேன். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அவர்களுடைய காப்டன் என் தோளைப் பிடித்து வைக்கோல் ஓரத்தில் உட்கார வைத்தார். முப்பது வயது இருக்கும். "பையன் உங்களுதுங்களா? பயப்படாதீங்க. நாங்க வர்ற வழியில, வாய்க்கா ஓரமா மாமரத்தடியில கெடந்தானுங்க. காலு ரெண்டும் முறுக்கிட்டு, பேச்சே வரலீங்க. பக்கத்து ஊட்டுல உப்புப் போட்டுக் கஞ்சித் தண்ணி வாங்கி, சன்னஞ்சன்னமாக் குடுத்தோம். கொஞ்சம் தெளிஞ்சப்புறம் கேட்டா, ஊட்டுல ஆளுக தூங்க உடல, அதான் இங்க வந்து படுத்தேங்கறான். லாரி குலுங்குனா காலு இழுக்குதுன்னு அழுதானுங்க. அதான் உருட்டிக்கிட்டே வந்தோம்."

"இவன் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கீழே இருந்து யாரோ கேட்டார்கள்.

"தெரியாம? புதங்கெழமை ஆட்டம் பாக்க வந்திருந்தமே. இவனை எப்படிப் புடிக்கறதுன்னு நாலு நாளா எங்களுக்கும் தூக்கம் இல்லீங்க!" லாரியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மூங்கில் பிடித்திருந்தவர்களில் ஒருவனும் சிரித்துவிட்டான். சித்தூர் காப்டன் ரெப்ரி பக்கம் திரும்பி, நேரம் தப்பிவிட்டதால் வாக்கோவர் என்றால் தங்களுக்குச் சம்மதம் என்றார். எங்கள் காப்டன் குறுக்கே வந்து, அடுத்த ஞாயிறு ஆடலாம், இல்லையென்றால் நாங்களும் ஆடவில்லை என்றான்.

நான் மகனை எழுப்பி இறக்கப் போனேன். சித்தூர் காப்டன் என் கையைத் தடுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எழுப்பாதீங்க. இப்பத்தான் கண்ணசந்தான். லாரியை உங்க ஊட்டு வாசல் வரைக்கும் உருட்டிட்டு வாரோம். கப்பு எங்கயும் ஓடிப் போயிராதுங்க," என்றார்.

என் மகனை யாருமே தூங்க விடாத அந்த வாரத்தில் அவன் தூக்கத்துக்குக் காவல் நின்றவர்கள் அவன் தோற்கடிக்க வேண்டியிருந்த அந்தப் பதினொரு பேர்தான். அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று அன்று லாரியில் உட்கார்ந்து யோசித்தேன், இன்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.